முன்னால் கட்டிப் பின்னால் திருப்புவது

மாலை நான்கு மணி இரண்டு நிமிடம், பார்ப்பவர்கள் முப்பத்தெட்டு பேர், கோகிலவாணி பாட்டில் பச்சை நிற ஃப்ராக்கின் விளிம்பை இரண்டு பக்கமும் விரலால் பிடித்துக்கொண்டு போனுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி நின்றாள். "வணக்கம்ங்க எல்லாருக்கும், சத்தம் தெளிவா கேக்குதுங்களா, கேட்டா ஒரு ஹாய் போடுங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வாய் அதுபாட்டுக்குச் சொல்லும். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் இதையே சொல்லிப் பழகிவிட்டது, அவள் துணைக்கு நிற்க வேண்டியதுகூட இல்லை. கண் மட்டும்தான் அவளுடையது, அது திரையின் அடியில் இருந்தது. நேரலைக்கு வருகிற ஒவ்வொருவர் பெயரும் அங்கேதான் ஒரு விநாடி நின்று கரையும். சுகன்யா தாராபுரம் சேர்ந்தார். ஜெபா ஸ்டெல்லா சேர்ந்தார். கவி அம்மு சேர்ந்தார். ஏதோ ஒரு வளையல் கடை சேர்ந்தது. அவள் தேடும் பெயர் இல்லை. அது எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கணவர் தாமோதரன் ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், கேட்டைச் சாத்த வேண்டும், வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய வேண்டும், அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஷட்டில் ஆடப் போவார் என்பதும், அந்தச் சத்தம் பிள்ளையார் கோவில் திருப்பத்தில் எப்படி அறுந்து நிற்கும் என்பதும் பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தவளுக்குத் தெரியும். அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று காது கொடுத்தபடி பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் அவளாக நினைத்துக்கொண்டது.

"பழசு இல்லைங்க, புதுத்துணிதான், பாக்கத்தான் அந்தக் காலத்து மாடல்" என்றாள். "கழுத்து போட் நெக், தோளிலிருந்து தோளுக்கு ஒரே கோடு. கை முக்கால். இடுப்புல சிக்குன்னு பிடிக்கும், அதுக்குக் கீழ அம்பர்லா கட், முழங்காலைத் தாண்டி பாதிக் கெண்டைக்கால் வரைக்கும்." சொல்லிக்கொண்டே பாவாடையின் ஒரு மடிப்பை விரித்துக் காட்டினாள். போனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் பர்வீன் இன்னொரு போனை மடியில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து நடத்தும் கடை இது. கடை என்றால் கடை இல்லை, சிங்காநல்லூரில் பர்வீன் வீட்டு மாடி அறை, ஒரு வட்ட விளக்கு, ஒரு இரும்பு ஹேங்கர் கம்பி, தைக்கத் தெரிந்த கோகிலவாணி, விற்கத் தெரிந்த பர்வீன். "அக்கா, ஜெபா கேக்கறாங்க, கேன்கேன் கூட வருமான்னு" என்றாள் பர்வீன். "வராதுங்க ஜெபா, ஆனா உள்ள அந்த வலைப் பாவாடை ஒண்ணு போட்டீங்கன்னாத்தான் இது குடை மாதிரி நிக்கும். இல்லாட்டி மழையில நனைஞ்ச குடை மாதிரி தொங்கும்." நாலைந்து சிரிப்பு முகங்கள் மேலே மிதந்து போயின. சிரிக்க வைக்க அவளுக்கு வரும். அந்த வீட்டில்கூட ஒரு காலத்தில் சிரித்தார்கள். மகள் மிதுலாவுக்குத் தலை பின்னும்போது கண்ணாடியில் முகத்தைக் கோணிக் காட்டுவாள், பிள்ளை சிரித்துத் தலையை ஆட்டும், வகிடு கோணும், மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூட வேன்காரன் ஹாரன் அடிப்பான். எத்தனை நாள் அப்படி வேனை நிறுத்தி வைத்தார்கள். இப்போது யார் பின்னுகிறார்கள். பதின்மூன்று வயதில் யாரும் பின்ன வேண்டாம், தானே பின்னிக்கொள்வாள், வகிடு நேராகத்தான் இருக்கும், கண்ணாடியில் யாரும் கோணிக் காட்டாத போது வகிடு தானாக நேராக வந்துவிடும்.

முத்து மாலையை எடுத்தாள். "ஒரே ஒரு சரம் போதுங்க. ரெண்டு சரம் போட்டா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ராணி வேஷம் போட்ட மாதிரி ஆயிரும். காதுல சின்னதா ஒரு முத்து, அவ்வளவுதான். தலையைப் பின்னாடி தாழ்வா கொண்டை போட்டுக்கங்க, கழுத்து தெரியணும், கழுத்துதான் இந்த டிரஸ்ஸுக்கு நகை." கொக்கி விரலுக்குச் சிக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் இரண்டு கையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அக்குளில் துணி இழுக்கிறதா என்று பார்த்தாள், இழுக்கவில்லை, வெட்டு சரியாக விழுந்திருக்கிறது. அப்போது பர்வீன் மூக்கைச் சுருக்கினாள். "ஒரு அண்ணன் வந்திருக்காருக்கா. ஆன்ட்டி, இந்த வயசுல ஃப்ராக்கான்னு கேக்கறாரு." "இந்த வயசுக்குத்தான் தைச்சதுங்கண்ணா. உங்க வயசுக்கு டவுசர் எங்ககிட்ட இல்லை, மன்னிச்சுக்கங்க." திரை முழுக்கச் சிரிப்பு முகங்கள். பர்வீன் அந்த ஆளை ப்ளாக் செய்து தூக்கிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினாள். கொக்கி மாட்டியது. இந்த வயசுல ஃப்ராக்கா. இதே மூன்று சொல்லைத் தாமோதரன் கத்தாமல் சொன்னார், அவர் எதையும் கத்திச் சொன்னதில்லை. ஊரடங்கு நேரம். முன்னறையில் அவர் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாடம் எடுப்பார். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இவள் போனுக்கு முன்னால் தைத்த துணியைப் போட்டுக் காட்டுவாள், இரண்டு பேர் குரலும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் தணிந்து பேசுவார்கள். அவர் மாணவன் ஒருவன் இவள் சுற்றுவதை மட்டும் வெட்டி எடுத்து, ஏதோ ஒரு பாட்டைச் சேர்த்து, வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். அவர் அதைப் பார்த்துவிட்டு வந்து, அவள் போனை எடுத்து, ஊற வைத்த துணி வாளிக்குள் மெல்ல, ஒரு தட்டை வைப்பது போல, வைத்தார். "நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டு நான் பாடம் எடுக்கறது" என்றார். அவள் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போனின் வெளிச்சம் சோப்பு நுரைக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. மிதுலா அறை வாசலில் நின்று அதைத்தான் பார்த்தாள், அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

ரெண்டு நாள்ல வந்துருவேன் கண்ணு, அப்பாவுக்குக் கோபம் தணியட்டும். அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது மிதுலாவிடம் அவள் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் இல்லை. இரண்டு நாளுக்குத்தான் துணி எடுத்தாள், பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் போனபோது கேட்டில் பூட்டு, மணி அடித்தால் நாத்தனார் வெளியே வந்து, "போறவங்களுக்கு வர்ற நேரம் தெரியணும்ங்க" என்றாள், தன் அண்ணியைப் பார்த்து, யாரோ கேபிள்காரனிடம் சொல்வது போல. மேலே ஜன்னல் கண்ணாடி சாத்தியிருந்தது. பின்னால் பிள்ளை நின்றதா இல்லையா என்று இன்று வரை தெரியாது. வெயில் கண்ணாடியில் விழுந்து எதிர்வீட்டு மாமரம்தான் தெரிந்தது. அவள் நின்றிருந்தாள் என்றால் கீழே அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பாள். நிற்கவில்லை என்றால் அம்மா வரவே இல்லை என்று நினைத்திருப்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இரண்டேகால் வருடம் போய்விட்டது. அதற்குப் பிறகு வழக்கு, வாய்தா, மத்தியஸ்தம், மறுபடி வாய்தா. மகளை மாதம் இரண்டு முறை பார்க்க அனுமதி கேட்டு அவள் போட்ட மனு அடுத்த மாதம் வருகிறது. அன்றைக்கு நீதிபதி மிதுலாவைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்பார். வக்கீல் சுலோசனா அம்மா விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார்: "அது வரைக்கும் எழுத்துல ஒண்ணும் வேண்டாம், ஆள் விட்டும் வேண்டாம். பிள்ளையைத் தூண்டி விட்டீங்கன்னு ஒரு வார்த்தை அவங்க சொல்லிட்டா முடிஞ்சுது. அவளா வாயைத் திறந்து அம்மாவைப் பாக்கணும்னு சொல்லணும், அதுதான் கேஸ்." அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அதற்காகத்தான் இவள் சனிக்கிழமைதோறும் ஆயிரம் வார்த்தை பேசிக்கொண்டிருக்கிறாள், ஒன்றைக்கூட நேராகச் சொல்லாமல்.

டப்பி பூனை சேர்ந்தார்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். பெயர் கரைந்தது. படம் இல்லாத ஒரு சாம்பல் வட்டம், அவ்வளவுதான், மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. டப்பி என்பது கத்தரித்துப் போட்ட கால்சட்டைத் துணியில் பஞ்சு அடைத்து இவள் தைத்த பூனை. ஒரு கண் கறுப்புப் பொத்தான், ஒரு கண் நீலம், வால் தைக்க மறந்துவிட்டு அப்புறம் தனியாக ஒட்டவைத்தது. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர், அதில் ஒருவர் துணிப் பூனைக்கெல்லாம் பெயர் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அந்தச் சாம்பல் வட்டம் எட்டு மாதமாக வருகிறது. ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஒரு முறை ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு, இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டது. அதை நினைத்து இரண்டு வாரம் அவளுக்குச் சோறு இறங்கியது. வேறு யாராவது இருக்கலாம், டப்பி என்று வேறு வீடுகளில் வேறு பூனைகள் இருக்கலாம், உயிருள்ள பூனைகள்கூட. அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் சரிதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீலிடம் சொல்லவில்லை. பர்வீனிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பர்வீன் வாய் நிற்காது, அவள் தம்பி ஷட்டில் ஆடும் இடமும் தாமோதரன் ஆடும் இடமும் ஒன்று. தெரிந்தால் பிள்ளை கையிலிருக்கும் போன் அன்றைக்கே வாளிக்குள் போகும். சொல்லாமல் வைத்திருக்கிற வரைக்கும் அது மிதுலாதான்.

"இப்பத்தான் சேர்ந்தவங்களுக்கு இன்னொரு தடவை காட்டிர்றேன்ங்க" என்றாள். குரல் அரைக்கட்டை ஏறியது அவளுக்கே கேட்டது. இப்போது மறுபடி சுற்றினாள், இந்த முறை மெதுவாக, பாவாடை முழுசாக விரிந்து அடங்கும் வரை. இதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படியிலா, கட்டிலிலா, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலிலா. கண் இப்போது எப்படி இருக்கும், கண்ணாடி போட்டிருப்பாளோ, அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் பன்னிரண்டு பதின்மூன்றில் கண்ணாடி வந்துவிடும். நிமிர்ந்து கேமராவின் கறுப்புப் புள்ளியைப் பார்த்தாள். அதைப் பார்த்தால்தான் எதிரில் இருப்பவர்களுக்குத் தங்களைப் பார்ப்பது போல இருக்கும் என்று பர்வீன் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "நான் சனிக்கிழமைன்னா இங்கதாங்க இருப்பேன்" என்றாள் அந்தப் புள்ளியிடம். "மழை வந்தாலும் சரி, காய்ச்சல் வந்தாலும் சரி. நீங்க வாங்கணும்னு இல்லை, பேசணும்னு இல்லை. வந்து பாத்துட்டுப் போனா அதுவே எனக்குப் போதும்ங்க." கவி அம்மு உடனே, எங்க அக்கா தங்கம் என்று எழுதினாள். சுகன்யா தாராபுரம், எக்ஸ்எல் இருக்கா என்று கேட்டாள். எக்ஸ்எல் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. பார்ப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

அடுத்தது பெல்ட். அதே துணியில் தைத்த நீளப் பட்டை, பின்னால் கொண்டுபோய்ப் பெரிய முடிச்சாகக் கட்ட வேண்டும். இந்த மாதிரி உடுப்பில் பாதி அழகு முதுகில் இருக்கிறது, போட்டவளுக்கே தெரியாத இடத்தில். பட்டையை இடுப்பில் வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்தாள். "பெல்ட் கட்டினா இப்படி. வேண்டாம்னா கழட்டி வச்சிருங்க. அது இல்லாமலும் நல்லாத்தாங்க இருக்கு." மிதுலாவுக்கு முடிச்சுப் போடுவது என்றால் உயிர். அம்மா திரும்பு, அம்மா மூச்சை இழு. சின்னக் கை முதுகில் குடைந்துகொண்டே இருக்கும். இரட்டை முடிச்சு போட்டு அதன்மேல் இன்னொன்று போட்டுவிடுவாள், ராத்திரி அவிழ்க்க முடியாமல் கத்தரியை எடுக்க வேண்டியிருக்கும், பட்டை வருடத்துக்கு ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. "பின்னாடி கட்ட ஆள் இல்லாதவங்க எப்படிக் கட்டறதுன்னு பாருங்க" என்றாள். "தனியா இருக்கறவங்களுக்கு இது உதவும். முன்னாடி வயித்துக்கு நேரா வச்சு, கண்ணால பாத்து நல்லா கட்டிக்கங்க. முடிச்சோட ரெண்டு காதும் சமமா இழுத்துக்கங்க. அப்புறம் மூச்சை உள்ள இழுத்துட்டு, அப்படியே மெதுவா, பின்னாடி திருப்பிக்கங்க." திருப்பினாள். இடுப்பைச் சுற்றி முடிச்சு ஊர்ந்து போவதை விரல் தொடர்ந்தது, விலா எலும்புக்குக் கீழே கொஞ்சம் மடங்கியது, சரிசெய்தாள். முதன்முதலில் இதைக் கற்றுக்கொண்ட அன்றைக்கு இந்த அறையிலேயே, இந்தக் கண்ணாடிக்கு முன்னாலேயே, கட்டி முடித்து விட்டோமே என்று உட்கார்ந்து அழுதாள். கட்ட முடியாமல் போயிருந்தால் அழுதிருக்க மாட்டாள். "தெரிஞ்சுக்கங்க, நமக்குக் கட்டிவிட ஒருத்தர் வர்ற வரைக்கும் இப்படிக் கட்டிக்கலாம். வந்துட்டாங்கன்னா திரும்பி நின்னுக்கலாம்." இதை அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். வாரம் முழுக்க, மிஷின் மிதித்துக்கொண்டே, இந்த வாக்கியத்தை மட்டும் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள். தூண்டுதல் என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது, பிள்ளைக்கு மட்டும் புரியும். சொல்லி முடித்துத் திரும்பியபோது திரையின் மூலையில் முப்பத்தொன்பது என்று இருந்தது. முடிச்சு ஆகிவிட்டால் சிலர் போவார்கள், வழக்கம்தான். நான்கு பேர். டீ போடப் போயிருப்பார்கள்.

பாதி நேரத்தில் இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்க நிறுத்துவார்கள். பர்வீன் போனை ஹேங்கர் கம்பியில் தொங்கும் மற்ற நிறங்களின் பக்கம் திருப்பி வைத்து, மைக்கை அணைத்தாள். ஒயின் சிவப்பு, சாம்பல் நீலம், கடுகு மஞ்சள் எல்லாம் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடி, தாமே தம்மை விற்றுக்கொண்டிருந்தன. கோகிலவாணி பாட்டிலைச் சாய்த்து உதடு படாமல் குடித்தாள், உதட்டுச் சாயம் போய்விடும். "அக்கா, நடுவுல நாலு சும்மா ஐடியைத் தூக்கிட்டேன்" என்றாள் பர்வீன், போனிலிருந்து கண் எடுக்காமல். சும்மா ஐடி என்றால் படம் இல்லாமல், பேச்சு இல்லாமல், மாதக்கணக்கில் வாங்காமல் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஆட்கள். அவர்கள் வேறு கடைக்காரர்கள், மாடலைத் திருட வருகிறவர்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் நம்புவது. நம்பக் காரணமும் உண்டு. போன வருடம் இவள் ஒரு மாதம் யோசித்துத் தைத்த கழுத்து மூன்றாம் நாள் ஈரோட்டில் ஒருத்தி உடம்பில் இருந்தது. அன்றைக்கு, இனிமேல் சும்மா ஐடியை யாரா இருந்தாலும் தூக்கிரு பர்வீன் என்று சொன்னது இவள்தான். அப்போது சாம்பல் வட்டம் வர ஆரம்பிக்கவில்லை. வந்த பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வாங்கினால் ஏன் என்று பர்வீன் கேட்பாள். பர்வீன் சோம்பல்பட்டு மறந்துவிடுவாள் என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தாள், எட்டு மாதமும் அவள் மறந்துதான் போயிருந்தாள். "யார் யாரை?" என்றாள். "ரெண்டு பேரு பேரே வாயில நுழையல. ஒண்ணு ஏதோ ரோஸ் நம்பர் போட்டது. அப்புறம் அந்தப் பூனை. அது ரொம்ப நாளா ஒட்டிக்கிட்டே இருக்குது, கவனிச்சிருக்கீங்களா?"

கோகிலவாணி பாட்டிலை மூடினாள். "எப்ப தூக்கின?" "இப்பத்தான். நீங்க பெல்ட் எடுத்தப்ப." "எடுத்தப்பவா, கட்டினப்பவா?" பர்வீன் நிமிர்ந்தாள். "என்னக்கா இது, எடுத்தப்ப இருக்கும், கழட்டி வச்சிருங்கன்னு சொன்னீங்களே, அப்ப. ஏன்?" "அந்தப் பூனைக்குப் போட்ட ப்ளாக்கை எடுத்து விடு." "எதுக்கு? ஒண்ணும் வாங்கினதில்லக்கா அது. பச்சை மாடலைப் பாத்துட்டு நாளைக்கே" என்று ஆரம்பித்தவள் கோகிலவாணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, போனைத் தடவித் தேடி, இரண்டு முறை தட்டினாள். "எடுத்துட்டேன். யாருக்கா அது?" "தெரிஞ்சவங்க." "சொல்லியிருக்கலாமல்ல." சொல்லியிருக்கலாம். "அவங்களுக்குத் தெரியுமா, நாம ப்ளாக்கை எடுத்து விட்டது?" "அதெல்லாம் சொல்லாதுக்கா. தூக்கினா அந்தப் பக்கம் படக்குனு போயிரும், நம்ம கடையே இல்லாத மாதிரி, தேடினாலும் வராது. இப்ப அவங்களா மறுபடி வந்து தேடினா இருக்கும்." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "ஆனா ஒரு தடவை தூக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா யாருக்கா மறுபடி தேடுவா. எனக்கெல்லாம் ரோசம் வந்துரும்." பர்வீன் மைக்கைப் போட்டாள். போன் இவள் பக்கம் திரும்பியது.

அது இல்லாமலும் நல்லாத்தாங்க இருக்கு. பிள்ளை கடைசியாகக் கேட்டது இதுதான். வாரம் முழுக்கத் திருத்தி வைத்த வாக்கியம் இல்லை, யோசிக்காமல் வாய் அதுபாட்டுக்குச் சொன்ன வாக்கியம். இதைச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் இருட்டு. இல்லை, அதற்கு முந்தின வாக்கியத்தோடு போயிருக்கலாம். வேண்டாம்னா கழட்டி வச்சிருங்க. எது தேவலை. சனிக்கிழமைன்னா இங்கதாங்க இருப்பேன் என்பதோடு போயிருந்தால். ஆனால் அதற்கும் பெல்ட்டுக்கும் நடுவில் எக்ஸ்எல் இருக்கிறது என்று சொன்னாள், கை அளவு சொன்னாள், துவைக்கும் முறை சொன்னாள், அத்தனையும் கேட்டிருப்பாள், பொறுமையாக, தனக்கு ஏதாவது வருமா என்று. கட்டிவிட ஒருத்தர் வர்ற வரைக்கும் என்பதை யாருக்குச் சொன்னாள். முப்பத்தொன்பது பேருக்கு. அவர்களில் யாரோ ஒருத்தி கைகூப்பு போட்டிருந்தாள். "அப்புறம் செருப்பு பாத்தீங்கன்னா" என்று வாய் ஆரம்பித்திருந்தது, "ரொம்ப உயரமா வேண்டாங்க, ஒன்றரை இன்ச், மூடின மாதிரி, முன்னாடி வட்டமா." கால் எடுத்துக் காட்டியது. பிள்ளை என்ன செய்திருப்பாள். முதலில் நெட் போய்விட்டது என்று நினைப்பாள். வைஃபையை அணைத்துப் போடுவாள். மறுபடி தேடுவாள், வராது. பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு இதெல்லாம் அத்துப்படி, யார் யாரைத் தூக்கினார்கள் என்பதுதான் அவர்கள் வகுப்பில் பாதிச் சண்டை. தூக்கிவிட்டாள் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். யார் தூக்கியது என்று தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் போனுக்குப் பின்னால் பர்வீன் என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பதை எந்த நேரலையும் காட்டுவதில்லை. அங்கிருந்து பார்த்தால் திரையில் ஒரே ஒருத்திதான். அம்மா பெல்ட்டை எடுத்தாள், அது இல்லாமலும் நல்லா இருக்கு என்றாள், தூக்கிவிட்டாள்.

ஐந்து மணிக்கு முடிக்க வேண்டியது. பர்வீன் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள், கோகிலவாணி பார்க்காதது போல ஒரு ப்ரூச் ஊசியை எடுத்துத் தோளில் குத்தினாள். குத்துகிற இடம் இடது தோள் எலும்புக்கு இரண்டு விரல் கீழே என்றாள். வெள்ளைக் கையுறை போட்டும் பார்க்கலாம், ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம் என்றாள். முடிச்சை முன்னால் திருப்பி, அவிழ்த்து, மறுபடி கட்டிக் காட்டினாள், யாரும் கேட்கவில்லை. "சனிக்கிழமைன்னா நான் இங்கதாங்க இருப்பேன், யாரையும் போகச் சொல்ல மாட்டேன், ஏதாவது கை தவறி ஆயிருந்தா மறுபடி வாங்க" என்றாள். கண் திரையின் அடியிலேயே இருந்தது. ஏதோ ஒரு பியூட்டி பார்லர் சேர்ந்தது. அப்புறம் யாரும் சேரவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். சுகன்யா தாராபுரம், நைஸ் அக்கா, குக்கர் விசில் அடிக்குது, பை என்று எழுதிவிட்டுப் போனாள். ஐந்தே முக்காலுக்கு அவர் திரும்பி வந்துவிடுவார், கேட் சத்தம் கேட்கும், அதற்குள் வந்தால் உண்டு. பாவாடைக்குள் கால் வியர்த்து கேன்கேன் வலை முட்டியில் அரித்தது. இடுப்புத் துணி மூச்சை ஒரு அளவுக்கு மேல் விடவில்லை. இந்த வெட்டின் குணம் அது, நிமிர்ந்து நிற்பவளை இன்னும் அழகாகக் காட்டும், குனிய விடாது. குனிய முடிந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். எண் ஒன்பது ஆகி, நான்காகி, ஒன்றானது. "அந்த ஒண்ணு நான்தாங்க்கா" என்றாள் பர்வீன் மெதுவாக, மடியில் இருந்த போனைத் தூக்கிக் காட்டி. கோகிலவாணி அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, இந்தத் துணி சாயம் போகாது என்றும், நிழலில் காயப்போட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். பர்வீன் எழுந்து வந்து விளக்கை அணைத்தாள்.

2023 ஜூன் 21, புதன்கிழமை, கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் நீதிபதி சிறுமி மிதுலாவைத் தனியாக விசாரித்தார். தாயைச் சந்திக்க விருப்பமா என்று கேட்டதற்கு, தன்னைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது தாய்தான் என்று அவள் பதிலளித்தாள். அது எப்போது என்ற கேள்விக்கு, போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்றாள். வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை என்றாள். மனு தள்ளுபடி செய்யப்பட்டது.